சித்தி கடைசியாகக் கேட்டது

"இன்னாமா இது, கத்திரிக்கா அத்தனையும் சொத்தையா கீது?" என்று சித்தி தள்ளுவண்டிக்கார அம்மாவிடம் சண்டைக்கு நின்ற ஒரு காலைப்பொழுது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு மாமி, கையில் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, வைக்கோல் நிறத் தலைமுடியைக் கொண்டையாக முடிந்து, வெயிலில் கழுத்தெல்லாம் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரியை. காதில் விழுந்ததோ அசல் தாம்பரம் மார்க்கெட் தமிழ். வண்டிக்கார அம்மாவுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. "புடிக்கலன்னா வேற வண்டில வாங்கிக்கோ" என்றாள். "வேற வண்டி எங்க வருது இந்தத் தெருவுக்கு? நீ ஒருத்திதான பேஜாரு பண்ணிக்கினு வர்றே" என்றாள் சித்தி. இருவரும் சிரித்துவிட்டார்கள். கத்திரிக்காய் எடை போடப்பட்டது.

என் அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. அரசாங்க உதவித்தொகையில் சோவியத் நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போனவர். கார்கோவ் என்று அவர் சொல்லும் நகரத்தில், கூடவே படித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மறைமலை நகரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததும், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடிவந்தார்கள். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர்கள் வீட்டில்தான் இருப்பேன். சித்தப்பா பகலெல்லாம் தொழிற்சாலையில் இருந்ததால், சித்திக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் வேலைக்கு வந்த ஆயாவும் காய்கறி வண்டியும் மீன்காரியும்தான். ஆகவே அவள் வாயில் 'வீடு' எப்போதும் 'வூடு'. "இந்தம்மாவுக்கு யாராவது ஒழுங்கான தமிழ் சொல்லிக்குடுங்களேன், கல்யாணம் கார்த்திகைன்னு நாலு பேர் வர்ற இடத்துல மானம் போகுது" என்று என் அப்பா அலுத்துக்கொள்வார். சித்திக்கு அது உறைத்ததே இல்லை. மாறாக, ஒருநாள் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: "பாப்பா, உங்க ஊரு எனக்கு ஏன் புடிச்சிது தெரிமா? எல்லாரும் கலந்துதான் பேசறீங்க. பஸ்ஸு, ஸ்விட்சு, ஜல்தி, பேஜாரு. எது எங்கேந்து வந்துதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

அவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. சித்தி பிறந்தது உக்ரைனின் நடுப்பகுதியில் ஒரு கிராமம். அங்கே வீட்டில் பேசுவது உக்ரைனியமும் அல்ல, ரஷ்யமும் அல்ல. இரண்டும் கலந்து, ஒன்றின் சொல்லுக்கு மற்றதன் வால் ஒட்டிப் பேசுவார்கள். சந்தையிலும் பேருந்திலும் அதுதான். படிப்பதற்கு நகரத்துக்கு வந்தபோது விடுதியில் எல்லோரும் சுத்தமான ரஷ்ய மொழி பேச, இவள் வாயைத் திறந்தாலே சிரிப்பார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருடம் இலக்கணம் படித்த மாணவர்கள்கூட அவளைத் திருத்துவார்களாம். அந்தக் கூட்டத்தில் சித்தப்பாவும் ஒருவர். 'என்ன' என்பதற்கு அவள் 'ஷோ' என்பாள். ரஷ்யத்தில் 'ஷ்தோ'. உக்ரைனியத்தில் 'ஷ்ச்சோ'. இரண்டிலும் சேராத அந்த ஷோவை வைத்தே அவளுக்கு விடுதியில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கலவைப் பேச்சுக்கு ஒரு பெயர் உண்டு, சுர்ஜிக். மாவு மில்லில் வரிசையில் நின்றபோது சித்தி அதை எனக்கு விளக்கினாள். நல்ல கோதுமை வாங்க வழியில்லாதவர்கள் மட்டமான தானியத்தையும் சேர்த்து அரைத்துக்கொள்ளும் மாவுக்கு அந்தப் பெயராம். "அந்த மாவுலதான் எங்கம்மா ரொட்டி சுட்டாங்க. நல்லாத்தான் இருந்திச்சு" என்றாள். சித்தப்பாவோடு அவள் ரஷ்யம்தான் பேசினாள், அவர் திருத்திக் கொடுத்த ரஷ்யம். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வெளியே வரும். அவர் உடனே சிரிப்பார், அவளுக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

சித்தப்பாவையும் அந்தப் பேச்சு ஒருமுறை வசமாகக் கவிழ்த்தது. கல்யாணத்துக்கு முன் சித்தியின் கிராமத்துக்குப் போயிருக்கிறார். சித்தியின் அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'உரொட்லீவி' என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாராம். ரஷ்யத்தில் அதற்கு விகாரமானவன் என்று அர்த்தம். சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போய்த் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். உக்ரைனியத்தில் அந்தச் சொல்லுக்கு அழகன் என்று பொருள் என்பதை அவருக்கு நம்பவைக்கச் சித்திக்கு அன்று பொழுது சாய்ந்துவிட்டதாம். குடும்ப விசேஷங்களில் இந்தக் கதையைச் சித்தப்பாவே சொல்வார். சொல்லி முடித்ததும் சித்தி அவர் கன்னத்தைத் தட்டி, "உரொட்லீவிதான்" என்பாள். எந்த மொழியில் என்று மட்டும் சொல்லமாட்டாள்.

கொரோனா காலத்தில் சித்தப்பா போய்விட்டார். அதற்குச் சில காலம் கழித்து அங்கே போர் வந்தது. சித்திக்கு ஒரு தங்கை, தன் மகளோடு அங்கேயே ஒரு சிறு நகரத்தில் இருந்தாள். மருமகன் போர்முனைக்குப் போயிருந்தான். தங்கை அதன்பிறகு ரஷ்யச் சொல் ஒன்றையும் வாயில் எடுப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் போன வீட்டில் அட்டையை ஒட்டிக்கொண்டு இருப்பவளுக்கு, அந்தச் சொற்கள் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் சனிக்கிழமை மாலைகளில் வீடியோ காலில் சித்தி பேசும்போது, ஒவ்வொரு வாக்கியத்திலும் தங்கை குறுக்கிட்டாள். "அது அவங்க வார்த்தை. நம்ம வார்த்தை சொல்லு" என்கிறாள் என்று சித்திதான் எனக்கு விளக்கினாள். சித்தி சரியென்று மறுபடி ஆரம்பிப்பாள். "ஷோ" என்பாள். "ஷ்ச்சோ" என்று திரை திருத்தும்.

ஒருநாள் அப்படிப் பேசி முடித்ததும் சித்தி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நா இன்னா பண்றது பாப்பா? எது அவங்களுது, எது நம்முளுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? எல்லாம் எங்கம்மா சொன்ன வார்த்தைதான்." அன்று அவள் குரலில் இருந்தது கோபமல்ல. வாயைத் திறக்கவே பயந்துபோன ஒருத்தியின் குரல். பிறகு பேச்சு குறைந்தது. வணக்கம், மின்சாரம் இருக்கிறதா, குளிர் எப்படி என்பதோடு இருவரும் முடித்துக்கொண்டார்கள். பாதுகாப்பான சொற்கள் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தன.

போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில், குளியலறைக் கதவருகே சித்தி விழுந்து கிடந்ததை வேலைக்கு வந்த அக்காதான் பார்த்தாள். தாம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூளையில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கண் விழித்தபோது என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை. "சித்தி, தமிழ்ல சொல்லு" என்றேன். அவள் மறுபடி சொன்னாள், இன்னும் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. முப்பது வருடத்துக்கும் மேலாக எந்த மொழியில் எனக்குச் சோறு போட்டாளோ, தலை பின்னிவிட்டாளோ, திட்டினாளோ, அந்த மொழி அவளிடமிருந்து துடைத்தெடுத்ததுபோல் போயிருந்தது. 'வாணாம்' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். மருந்துக்கும் வாணாம், போர்வைக்கும் வாணாம், நான் கிளம்பி எழுந்தாலும் வாணாம்.

கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தேன். எந்த மொழி என்று கேட்டது. உக்ரைனியம் என்று போட்டு அவள் வாயருகே பிடித்தேன். பாதியைக் கேட்கவே இல்லை. ரஷ்யம் என்று மாற்றினேன். 'என் கழுத்து விற்கப்பட்டது, வாரம் நல்ல கதவு' என்று திரையில் தமிழ் வந்தது. திரும்பவும் உக்ரைனியம். திரும்பவும் ரஷ்யம். சித்தி சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன், பலன் கிடைக்கும் என்று நம்பினாள். கடைசியில் நான் போனைப் பைக்குள் போட்டதையும் பார்த்தாள்.

அப்போதுதான் சித்தப்பாவின் நண்பர் ஞாபகத்துக்கு வந்தார். அவரோடு ஒன்றாகக் கார்கோவில் படித்தவர், பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், குரோம்பேட்டையில் இருந்தார். போன் செய்ததும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கட்டிலருகே உட்கார்ந்து தொண்டையைச் செருமி, பல வருடம் பேசாத ரஷ்யத்தை எடுத்துப் பேசினார். சித்தி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்து, மடமடவென்று பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார், பிறகு தலையாட்டல் நின்றது. "பாதி புரியுதும்மா. மீதி புரியற மாதிரியே இருக்கு, ஆனா புரியல" என்றார். "நெதீலியா, நெதீலியான்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. வாரம்னு அர்த்தம். ஒரு வாரம் ஆச்சுங்கறாங்களோ, ஒரு வாரம் ஆகும்ங்கறாங்களோ."

மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. ஒரு வாரமாகவே தலைவலி இருந்திருக்குமோ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பேச்சு எப்படி இருக்கு சார்? வாக்கியம் சரியா அமையுதா?" என்று பேராசிரியரிடம் கேட்டார். அவர் படித்தவர், உண்மையைத்தான் சொல்லவேண்டும் என்று நினைப்பவர். கொஞ்சம் யோசித்து, "இல்ல டாக்டர். விகுதியெல்லாம் தப்பா வருது. வார்த்தையெல்லாம் மாறிப்போகுது" என்றார். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பேச்சுப் பகுதி நன்றாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது, என்ன சொல்கிறார் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று எங்களிடம் மென்மையாக எடுத்துச் சொன்னார். சித்தி எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தங்கையை அழைக்க இரண்டு நாளாக முயன்றுகொண்டிருந்தேன். அங்கே மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் பிற்பகல் அவளே அழைத்தாள். பேராசிரியரும் பக்கத்தில் இருந்தார். தங்கையின் மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அவள்தான் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் பாலம். போனைச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தேன். தங்கை அழுதாள், ஏதோ கேட்டாள். சித்தி பதில் சொல்லத் தொடங்கி, சட்டென்று நிறுத்தி, சொல்லைத் தேடினாள். அந்தப் பழைய பயம் கண்ணில் தெரிந்தது. உடம்பில் பாதி விழுந்து கிடக்கும்போதும், எது நம்முடையது என்று தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னாள். திரையில் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். திருத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஷோ?" என்றாள் தங்கை. ஷ்ச்சோ அல்ல, ஷோ. அப்புறம் இருவரும் வேகமாகப் பேசினார்கள், ஒருவர் பேச்சுக்குள் மற்றவர் புகுந்து. பேராசிரியர் என் காதருகே, "இவங்களும் அதே மாதிரிதாம்மா பேசறாங்க" என்றார். மகளிடம், உன் பெரியம்மா பேசுவதில் தவறு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். தங்கைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்ன தவறு? அம்மா பேசினதும் இப்படித்தானே, ஒரு எழுத்துகூட மாறவில்லையே என்றாள்.

அந்த நெதீலியாவைப் பற்றிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றாள். உக்ரைனியத்தில் ஞாயிறு, ரஷ்யத்தில் வாரம். உடனே தானே தயங்கினாள். எங்கள் ஊரில் அம்மா வாரத்துக்கும் அதையேதான் சொல்வாள் என்றாள். அப்படியானால் சித்தி கேட்பது என்ன? வருவது ஞாயிற்றுக்கிழமையா, அல்லது ஒரு வாரத்திலா என்று கேட்கிறாள். வருவது யார்? அது வாக்கியத்தில் இல்லையாம். ஆணா பெண்ணா என்றுகூட அந்த வினைச்சொல் காட்டாதாம். நம் தமிழில் என்றால் வருவான், வருவாள், வருவார் என்று ஏதாவது ஒன்று சொல்லித்தானே தீரவேண்டும்! 'யார்?' என்று தங்கை பலமுறை கேட்டாள். சித்தி அவளை வியப்போடு பார்த்தாள், இது தெரியாதா உனக்கு என்பதுபோல. அதற்குள் அங்கே மின்சாரம் போய்த் திரை உறைந்துவிட்டது.

பேராசிரியர் தாழ்வாரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "விடுதியில அவங்கள எவ்ளோ கிண்டல் பண்ணியிருக்கோம்" என்றார். பிறகு எழுந்து போய் மருத்துவரிடம், நான் சொன்னது தப்பு, அவர்கள் சரியாகத்தான் பேசுகிறார்கள், அவர்கள் பேச்சே அப்படித்தான் என்று விளக்கினார். மருத்துவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். தெரிந்துகொண்டது நல்லது சார், ஆனால் கொடுக்கிற மருந்தில் இதனால் மாற்றம் ஒன்றும் இல்லை என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

சித்தியை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவை அமர்த்தினோம். நான் அலுவலகம் முடிந்து ரயிலிலிருந்து இறங்கி வீடு வந்ததும் அக்கா அன்றைய செய்தி சொல்வாள். "காத்தாலேருந்து இன்னாமோ சொல்லிக்கினே கீறாங்க மேடம். ஒண்ணியும் புரியல. தண்ணி குடுத்தேன், வாணாம். ஜன்னல தொறந்தேன், வாணாம். போட்டோவ காட்னேன், அதுவும் வாணாம். எனக்கே அழுவாச்சியா வருது." சித்தி சொல்வதைச் சின்னச் சின்னதாகப் பதிவுசெய்து தங்கைக்கு அனுப்புவேன். மின்சாரம் வரும்போது பதில் வரும். முதுகு அரிக்கிறது என்றாள், தலையணை உயரம் என்றாள் என்று மகள் எழுதுவாள். அந்தப் பதில் வருவதற்குள் முதுகு அரிப்பு நின்றிருக்கும், அல்லது அழுது ஓய்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலையிலிருந்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. மற்ற நாட்களில் நான் வீட்டில் இல்லை, அதனால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஒருநாள் நான் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா கிளம்பிவிட்டாள். போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, என்றும் இல்லாத தெளிவோடு ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி என்பது ராகத்திலேயே தெரிந்தது. மறுபடியும் கேட்டாள். போனை எடுத்து வரலாம் என்று எழப் பார்த்தேன். அவள் பிடியைத் தளர்த்தவில்லை, "வாணாம்" என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது நான் "ம்" என்றேன். கதை கேட்கும் குழந்தைகள் உம் கொட்டுவார்களே, அப்படி. சித்தி என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் புரியவில்லை, சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டை விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் விடிவதற்குள் இன்னொரு அடைப்பு வந்தது. அதன்பிறகு அவள் எந்த மொழியிலும் பேசவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்துத்தான் தங்கையின் அழைப்பு வந்தது. செய்தியை எழுதியிருந்தேன், படித்திருந்தாள். முகத்தில் அழுகை வற்றியிருந்தது. கடைசியாகத் தன் அக்கா என்ன சொன்னாள் என்று மகள் மூலம் கேட்டாள். ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் புரியவில்லை, பதிவும் செய்யவில்லை என்றேன். காதில் விழுந்தது எப்படியோ அப்படியே சொல் என்றாள். நான் முயன்றேன். மூன்று தடவை கேட்ட வாக்கியம், ராகம் முழுதாக ஞாபகம் இருக்கிறது, எழுத்துகள் வரவில்லை. ஏதேதோ அசைகளைச் சேர்த்து அந்த ராகத்தில் சொன்னேன்.

தங்கை போனைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். பிறகு மெல்ல ஒரு வாக்கியம் சொல்லி, இதுவா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அது அப்படியே சித்தியின் குரல். இதுதான் என்று தலையாட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறொரு வாக்கியம் சொன்னாள். அதுவும் அப்படியே இருந்தது. இன்னொன்று. அதுவும்தான். நான் எதற்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை நிறுத்தவில்லை. தன் அக்கா கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக, அந்தக் கலந்த பேச்சிலேயே, என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் எதையும் மொழிபெயர்க்கவில்லை.